ஒட்டங்காடு வரைக்கும் கேட்க வேண்டும்

"பாட்டு நல்லாத்தான் இருக்கும்னு நெனைக்கறேன் அம்முணி. ஆனா காதுல உழுந்தாத்தான தெரியும்? தகர டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்கற மாதிரி இருக்குது. வேற ஒண்ணு அனுப்பு. அமாவாசைக்குள்ள வந்துரோணும்."

வள்ளி கும்மி ஆசிரியர் மணிமாறன் கைபேசியில் பேசி அனுப்பியிருந்த பதில் இது. நித்யஸ்ரீ அக்கா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். எத்தனை தடவை கேட்டாலும் தகர டப்பா தகர டப்பாவாகவே இருந்தது.

மணிமாறன் எங்கள் பக்கத்தில் ஊர் ஊராகப் போய்க் கும்மி சொல்லிக் கொடுப்பவர். அவர் மைக் பிடித்துப் பாடுவார். ஒரே நிறத்தில் சேலை கட்டிய பெண்கள் வட்டம் கட்டிக் கை தட்டி ஆடுவார்கள். வேடன், கிழவன் என்று வேஷம் மாற்றி வந்த முருகனை வள்ளி திட்டித் தீர்த்து, பிறகு கட்டிக்கொள்கிற வரைக்கும் ஒரே ஆள் பாட வேண்டும். அவருக்குத் தொண்டை கட்டிப் போய்விட்டது. வருகிற தை மாதத்திலிருந்து கூடப் பாட ஒரு பெண் வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். எங்கள் கரட்டுப்பாளையத்தில் அரங்கேற்றம் முடித்துவிட்டு அவர் அடுத்த ஊருக்குப் போன பிறகு, இங்கே கும்மிக்குப் பாடுவது அக்காதான். அதனால் அவளிடம் கேட்டார். மல்லசமுத்திரம் பக்கம் யுவஸ்ரீ என்று ஒரு பெண்ணிடமும் கேட்டார். வீட்டுக்குள் உட்கார்ந்து பாடியது வேண்டாம், ஆட்டத்தில் நின்று பாடியதுதான் வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. "ஊட்டுக்குள்ள எல்லாருந்தான் பாடுவாங்க. அத்தன பேரு கை தட்டறப்பத் தாளத்தை உடாமப் பாடறியான்னு பாக்கோணும்" என்றார்.

யுவஸ்ரீ ஏற்கெனவே அனுப்பிவிட்டாள் என்று தகவல். அது நன்றாக இருந்தது என்றும் தகவல். இரண்டு தகவலையும் கொண்டு வந்து சேர்த்தது பாவாயி அத்தை.

"யாரு சொன்னாங்க நல்லாருக்குதுன்னு?" என்றாள் அக்கா.

"எல்லாருந்தான் சொல்றாங்க. தேனாட்டம் இருக்குதாமா."

"நீங்க கேட்டீங்களா அத்தை?"

"நான் எதுக்குக் கேக்கறேன்? நான் உன்ற கட்சி."

அத்தை எங்கள் அப்பாவின் கூடப் பிறந்தவள். வாக்கப்பட்டது ஒட்டங்காட்டில். எங்கள் ஊருக்கும் ஒட்டங்காட்டுக்கும் நடுவில் ஓர் ஏரியும் சோளக்காடும்தான். இருந்தாலும் கும்மி ஆட இங்கேதான் வருவாள். கேட்டால், "அங்க ஆடுனா என்ற நாத்தனாருங்க குத்தம் சொல்லுவாளுக. இங்க நான்தான் நாத்தனாரு" என்பாள்.

அக்கா முதல் பதிவைக் கைபேசியில்தான் எடுத்திருந்தாள். கைபேசியை ஸ்பீக்கர் பெட்டியின் மேலேயே வைத்துவிட்டாள். தண்ணீர் எங்கே நிறைய விழுகிறதோ அங்கேதானே குடத்தை வைக்க வேண்டும் என்று அவள் கணக்கு. குடம் நிரம்பவில்லை, உடைந்துவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் மோகன்குமார் மாமா லீவில் வந்தார். மாமா அத்தையின் மகன். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் சத்தீஸ்கரில் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடுகிற வேலை. அவருக்கும் அக்காவுக்கும் சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். அதனால் அவர் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் முகம் கழுவிவிட்டுத்தான் வருவார். இந்த முறை கையில் ஒரு பெட்டியும் இருந்தது. பிரித்தால் உள்ளே சோப்பு டப்பா அளவில் கருப்பாக ஒரு கருவி. அதன் தலையில் இரண்டு மைக் ஒன்றுக்கொன்று குறுக்காக நின்றன.

"என்ன மாமா இது, நண்டா?" என்றாள் அக்கா.

"ரெக்கார்டர் புள்ள. கச்சேரியெல்லாம் இதுலதான் புடிப்பாங்களாமா. வண்டியில வாரப்பவே வழியெல்லாம் படிச்சுட்டு வந்தேன்."

"புரிஞ்சுதா?"

"பாதி புரிஞ்சுது."

"எந்தப் பாதி? விலை போட்டிருக்கற பாதியா?" என்றாள் அத்தை.

மாமா ரெக்கார்டரை என்னிடம் கொடுத்தார். ஹெட்போனையும் கொடுத்தார். "இதை நீயே வெச்சுக்க. பேசாத ஆளுகிட்ட இருந்தாத்தான் நடுவுல பேச்சு பதியாது. எங்கம்மாகிட்ட மட்டும் குடுத்தறாத" என்றார். அப்படித்தான் இந்த வேலை எனக்கு வந்தது.

அன்று சாயங்காலம் மாரியம்மன் கோயில் திடலில் பயிற்சி. மயில்சாமி சித்தப்பாவின் ரேடியோ செட் வேப்பமரத்தில் நான்கு குழாய் ஸ்பீக்கர்களோடு தொங்கியது. எங்கள் ஊரில் மைக் செட்டுக்கு இன்னும் ரேடியோ செட் என்றுதான் பெயர். மாமா என்னை ஸ்பீக்கருக்குத் தள்ளி, கோயில் படியில் உட்கார வைத்தார். அக்கா பாட ஆரம்பித்ததும் ரெக்கார்டரில் ஒரு சிவப்பு விளக்கு விடாமல் சிமிட்டியது. ஹெட்போனில் அக்கா இல்லை. யாரோ சரளைக்கல்லில் பலகையை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"கெயின் எச்சாயிருச்சு" என்று மாமா ஒரு பொத்தானை அமுக்கி, கருவி சத்தத்தை வாங்கும் அளவைக் குறைத்தார். சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. மாமா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் சுற்றி நின்று போட்டுக் கேட்டோம். சத்தம் சின்னதாகிவிட்டது. சரளைக்கல் போகவில்லை. தூரத்தில் பலகையை இழுத்தார்கள், அவ்வளவுதான்.

"விளக்குதான் எரியலியே!" என்றார் மாமா.

அத்தை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "ஏன் சாமி, கிழிஞ்ச சேலையச் சின்னதா மடிச்சு வெச்சாக் கிழிசல் போயிருமா?"

மாமா அத்தையையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப நம்ம கைக்கு வாரதுக்கு முன்னாலயே கிழிஞ்சிருக்குது" என்றார்.

"எனக்கென்ன தெரியும்? நான் சேலையச் சொன்னேன்."

மறுநாள் காலை மாமா விடிந்ததும் விடியாததுமாக வந்துவிட்டார். போர் அடைத்துக்கொண்டால் துளைக்குள் இறக்கிய இரும்பு ராடுகளில் எதில் கோளாறு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார்களாம். அதே மாதிரி இதையும் பார்த்துவிடலாம் என்றார். முதலில் வெறும் ரெக்கார்டரை மட்டும் சோதிக்க வேண்டும். அத்தையை ஏதாவது பேசச் சொன்னார்.

"என்னத்தடா பேசறது? ஒரு மிசினுக்கு முன்னாடி நின்னு தானாப் பேசறதுக்கு எனக்கென்ன கிறுக்கா? போன மாசம் பணம் அனுப்பறேன்னு சொல்லிப்போட்டு அனுப்பாம இருந்தியே, அதையா பேசோணும்? மோட்டார் கொட்டாய்க்குக் கூரை மாத்தோணும்னு உங்கொப்பன் காலத்துல இருந்து…"

"போதும், போதும்."

போட்டுக் கேட்டோம். கூரை வரைக்கும் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது.

அடுத்து மாட்டுக் கொட்டாய்க்குள் அக்காவைப் பாட வைத்தார். தெளிவாக இருந்தது. மாடு மூச்சு விட்டதுகூடக் கேட்டது. பிறகு அத்தையைக் கூட நின்று கை தட்டச் சொன்னார். அதுவும் நன்றாக இருந்தது. மைக்கும் ஸ்பீக்கரும் இல்லாத வரைக்கும் எந்தக் கோளாறும் இல்லை.

"அப்ப எந்த ராடு?" என்றாள் அக்கா.

எல்லோரும் தெருக்கோடியில் இருக்கிற மயில்சாமி சித்தப்பாவின் வீட்டுப் பக்கம் திரும்பினோம். அவர் வாசலில் உட்கார்ந்து ஆம்ப்ளிஃபயரை மஞ்சள் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பிறந்த குழந்தையைக்கூட அவ்வளவு பதமாகத் துடைக்க மாட்டார்கள்.

சித்தப்பா எங்களுக்குப் பங்காளி. நல்ல மனிதர். அவருக்கு ஒரே ஒரு கொள்கைதான். கரட்டுப்பாளையத்தில் பாடினால் ஒட்டங்காடு வரைக்கும் கேட்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் ஒட்டங்காட்டுக் கோயில் நோம்பிக்கு வெளியூரிலிருந்து ஒரு செட் வந்தது. அந்தச் சத்தத்தில் சித்தப்பா வீட்டு எருமை இரண்டு வேளை பால் கறக்கவில்லை. எருமைக்குப் பட்ட அவமானத்தை அவர் தன் அவமானமாக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் செட்டில் இருக்கிற எல்லாத் திருகும் கடைசி வரைக்கும் திருகியே இருக்கும். "பாதியில நிக்கற திருகு பாதி வெந்த சோறு" என்பார்.

சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அவரிடம் போய்க் கேட்க வேண்டும். யார் கேட்பது? அக்கா மாட்டேன் என்றாள். "அவருதான் எனக்கு மொதமொதல்ல மைக்கு குடுத்தாரு. நான் போயி உங்க செட்டு கிழியுதுன்னு சொல்ல முடியுமா?" அத்தையும் மாட்டேன் என்றாள். அவள் ஒட்டங்காட்டுக்காரி. ஒட்டங்காட்டு வாயால் சத்தத்தைக் குறை என்று சொன்னால், அதைவிடப் பெரிய வெற்றி சித்தப்பாவுக்கு வேறு இல்லை. திருகை உடைத்துக்கொண்டாவது ஏற்றிவிடுவார்.

"நான் கேக்கறேன்" என்றார் மாமா.

"நீயும் ஒட்டங்காட்டான்தான்டா" என்றாள் அத்தை.

"நான் இந்த ஊரு மாப்பிள்ளையாகப் போறவன்."

போனார். நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டோம். மாமா ரொம்ப மரியாதையாகத்தான் தொடங்கினார். மழையைப் பற்றிப் பேசினார். எருமையை விசாரித்தார். பிறகு, "நோம்பியன்னைக்கு மட்டும் சத்தத்தைச் சித்தெக் கம்மியா வெச்சா, பாட்டு பதிய நல்லாருக்குமுங்க மாமா" என்றார்.

சித்தப்பா துணியைக் கீழே வைத்தார். "ஏன் மாப்ள, உங்க ரிக்கு வண்டி ஓடறப்ப நான் வந்து, சித்தெ மெதுவாத் தொளை போடுங்கன்னு சொல்றனா?"

"இல்லீங்க."

"தண்ணி வாரவரைக்கும் போடறீங்கல்ல?"

"ஆமாங்க."

"எனக்கும் ஒட்டங்காடு வாரவரைக்கும் போடோணும்."

ஆனால் மனிதர் நல்லவர் என்று சொன்னேன் அல்லவா? மாமாவை வெறும் கையோடு அனுப்பவில்லை. "ஒயரு வேண்ணா எடுத்துக்க. ஆம்ப்ளில இருந்து நேரா உன்ற மிசினுக்குள்ள உட்டுக்க. திருகை மட்டும் தொடாத" என்று ஒரு ஒயரைக் கொடுத்தார். அன்றைய பயிற்சியில் அந்த ஒயரைச் செருகிப் பார்த்தோம். நான் ஹெட்போனைக் கழற்றி மடியில் போட்டேன். மடியில் கிடந்தபடியே அது கத்தியது. கிழிந்த சேலையை இந்தத் தடவை நேராக நெய்கிற இடத்திலிருந்தே வாங்கி வந்திருந்தோம்.

இனி ஒரே ஒரு ஆட்டம்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் நோம்பி. செவ்வாய்க்கிழமை அமாவாசை. அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "யுவஸ்ரீ ஊர்ல ரேடியோ செட்டுக்காரரு யாரு?" என்று ஒருமுறை கேட்டாள். அவருக்கு எருமை இல்லையோ என்னவோ.

நோம்பியன்று பொழுது சாய்ந்ததும் திடல் நிறைந்துவிட்டது. எல்லோரும் மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தார்கள். அத்தை முன் வரிசையில் நின்றாள். முதல் பாட்டு பிள்ளையாருக்கு. வேப்பமரத்திலிருந்த குருவிகள் பிள்ளையாரைப் பாதி கேட்டதுமே கிளம்பிப் போய்விட்டன. ஹெட்போனில் எனக்குச் சரளைக்கல். அக்கா பாடிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

பாட்டு முடிந்து ஆடியவர்களுக்குப் பானகம் கொடுத்தார்கள். வள்ளி பாட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் இடைவெளி. அத்தை டம்ளரோடு நேராகச் சித்தப்பாவிடம் போனாள்.

"ஏன் மயிலு, நீ ஒருக்காவாச்சும் எங்கூருல நின்னு உன்ற செட்டைக் கேட்டிருக்கறியா?"

"நான் எதுக்கக்கா அங்க வாரேன்? இங்க செட்டை யாரு பாக்கறது?"

"அதான பாத்தேன். கேக்குதா கேக்கலியான்னு உனக்கெப்படித் தெரியும்?"

சித்தப்பாவின் முகம் மாறியது. "கேக்கறதில்லியா?"

"நான் அப்படிச் சொன்னனா? கேக்குது, கேக்குது. என்ன கேக்குதுன்னுதான் எங்களுக்குள்ள இன்னும் தீரல. நீ நேர்ல வந்து கேட்டுச் சொல்லீட்டயின்னா நிம்மதியாத் தூங்குவோம்."

"பொறாமையில பேசறீங்க."

"நான் ஒட்டங்காட்டுக்காரி. பொறாமைன்னே வெச்சுக்க. மொபெட்ட எடுத்தாப் போயிட்டு வாரதுக்கு எத்தன நேரமாகும்?"

சித்தப்பா மொபெட்டைப் பார்த்தார். ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தார். வள்ளி பாட்டுக்கு அக்கா தொண்டையைச் செருமினாள். செட்டை விட்டு அவர் ஒருநாளும் நகர்ந்ததில்லை. கடைசியில், வேறு வழியில்லாமல், மாமாவைக் கூப்பிட்டார்.

"மாப்ள, இங்க உக்காரு. போனைக் காதுல வெச்சுக்க. நான் சொல்லாமத் திருகைத் தொட்டயின்னாப் பொண்ணு கெடையாது."

"பொண்ணு எங்களுதுங்க" என்று அப்பா எங்கிருந்தோ சொன்னார். சித்தப்பா அதைக் காதில் வாங்கவில்லை. மொபெட் சோளக்காட்டுப் பக்கம் போய் மறைந்தது.

அக்கா வள்ளியைத் தொடங்கினாள். வள்ளி பரண் மேல் நிற்கிறாள், வேடன் வேஷத்தில் முருகன் வருகிறான். வட்டம் சுழன்றது. நான் மாமாவுக்குப் பக்கத்துப் படியில் ரெக்கார்டரோடு உட்கார்ந்திருந்தேன். மாமா ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதில் போனை அழுத்திக்கொண்டார். சித்தப்பா பேசுவதற்கு போனே தேவையில்லை. எனக்கும் கேட்டது.

"மாப்ள! ஏரிக்கரையில நிக்கறேன். சும்மா அதிருது!"

"பாட்டு கேக்குதுங்களா மாமா?"

"சத்தம் கேக்குது."

மொபெட் உறுமியது. பிறகு ஒட்டங்காட்டு பஸ் ஸ்டாப்பிலிருந்து பேசினார். இந்தத் தடவை குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"மாப்ள."

"சொல்லுங்க."

"இங்க ஒருத்தரு உக்காந்திருக்கறாரு. என்னையப் பாத்து என்ன கேட்டாரு தெரியுமா? கரட்டுப்பாளையத்துல ஆரு காட்டுலங்க போரு போடறாங்க, தண்ணி வந்துதான்னு கேக்கறாரு."

மாமா உதட்டைக் கடித்துக்கொண்டார். ரிக் வண்டிக்காரர் அந்த நேரத்தில் சிரிக்காமல் இருந்ததற்கு மாரியம்மன்தான் காரணம்.

"கோளாறு எங்கயோ இருக்குது மாப்ள. மொத்தச் சத்தத்துக்கு இருக்கற பெரிய திருகைச் சித்தெக் கொற."

மாமா குறைத்தார். திடலில் சத்தம் தணிந்தது. அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாலும் பாட்டை விடவில்லை.

"இப்பங்க?"

"போர் மிசினு தூரமாப் போயிருச்சு. ஆனாப் போர் மிசினுதான்."

மாமா என்னைப் பார்த்தார். நான் ஹெட்போனைத் தொட்டுக் காட்டித் தலையாட்டினேன். இங்கேயும் அப்படித்தான். அத்தை வட்டத்தில் எங்களைக் கடந்து போகும்போது, "மடிச்சு வெச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தாளம் தப்பாமல் அந்தப் பக்கம் போய்விட்டாள்.

போனில் சித்தப்பா யோசிக்கிறார் என்பது மூச்சிலேயே தெரிந்தது. "அந்தப் புள்ள மைக்கைக் கடிச்சுட்டுப் பாடுது. மைக்குத் திருகும் கடைசியில நிக்குது. ரெண்டும் சேந்து ஆம்ப்ளிக்குள்ள போறப்பவே நெரிபடுது. மாப்ள, பெரிய திருகை உட்டுப்போடு. மைக்குத் திருகைக் கொற."

"எத்தன மாமா?"

"கொற. இன்னுங் கொற. பயப்படாத, என்ற செட்டுதான். இன்னும்… இரு. இரு இரு இரு."

சரளைக்கல் நின்றுவிட்டது. பலகை போய்விட்டது. ஹெட்போனுக்குள் அக்கா வந்தாள். அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி விலகுவதும், கை தட்டுகிறவர்களின் வளையல்கள் தட்டலுக்கு ஒரு நொடி பிந்திக் குலுங்குவதும், மணல் மேல் கால்கள் ஒன்றாக உரசித் திரும்புவதும் தனித்தனியாகக் கேட்டன.

"'தாடி நரைச்சதும் தெரியாதோ, உனக்குத் தாத்தா பேரு வெச்சுட்டேன்' - இதான் பாடறாளா மாப்ள?"

"ஆமாங்க மாமா, அதேதான்!"

"எழுத்து எழுத்தா உழுகுது! இங்க உக்காந்திருக்கறவரு சிரிக்கறாருடா! இப்பப் பெரிய திருகை ஏத்து. பயப்படாம ஏத்து. போன தடவைய விட எச்சா ஏத்து!"

மாமா ஏற்றினார். ஒன்றும் கிழியவில்லை. அதன் பிறகு சித்தப்பா போனை வைத்துவிட்டார். வள்ளி கல்யாணம் முடிந்து மங்களம் பாடுகிற வரைக்கும் அவர் திரும்பி வரவில்லை. பஸ் ஸ்டாப் மேடை மேல் நின்று, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இது எந்த ஊர்ப் பாட்டு, எந்த ஊர் செட்டு என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்தச் செய்தியையும் அத்தைதான் பிறகு கொண்டு வந்தாள்.

மறுநாள் காலையில் சோறு ஆக்குவதற்கு முன்னாலேயே எல்லோரும் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். மாமா பதிவை அக்காவின் கைபேசிக்கு மாற்றிவிட்டு, ரெக்கார்டரை ஒரு சின்ன ஸ்பீக்கரில் சேர்த்தார். பாட்டு ஓடியது. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு, பாட்டை விட்டுவிட்டுச் செட்டை ரசித்தார். அத்தை தன் கைத்தட்டல் எது என்று கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"அந்த எடத்தைத் திருப்பிப் போடுங்க மாமா" என்றாள்.

வள்ளி தன் தினைப்புனத்தைப் பற்றிச் சொல்கிற நீளமான அடி அது. ஒரே மூச்சில் பாட வேண்டும். 'தினைப்' என்று பாடிய அக்கா, விசுக்கென்று மூச்சு இழுத்துவிட்டு 'புனத்'தைப் பாடியிருந்தாள். நேற்றே ஹெட்போனில் நான் கேட்டதுதான். ஆனால் வாசலில் எல்லோருக்கும் நடுவில் கேட்கும்போது வாளியால் தண்ணீர் இறைக்கிற மாதிரிப் பெரிதாக இருந்தது. அதற்கடுத்த அடியிலும் அப்படித்தான்.

"எப்பவுமே இப்படித்தான் பாடறனா?" என்றாள் அக்கா.

யாருக்கும் தெரியாது என்பதுதான் உண்மை. இத்தனை நாள் எந்தப் பதிவிலும் அக்காவே கேட்கவில்லையே, மூச்சு எங்கே கேட்கும்?

அக்கா ரெக்கார்டரைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "மாமா, அந்த எடத்துல மட்டும் சித்தெக் கிழிச்சுக் குடுக்க முடியுங்களா?"

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு வாரமாக் கிழிசல் எங்கன்னு தேடி ஊரெல்லாம் சுத்திப்போட்டு வந்திருக்கறேன். இப்ப நானே கிழிக்கோணுமா?"

"நான் வேண்ணா பழையபடி திருகிக் குடுக்கறேன்" என்று சித்தப்பா ஆர்வமாக எழுந்தார். அத்தை அவரை உட்கார வைத்தாள்.

"கிழிக்க வேண்டாம்" என்றார் மாமா. "போன்லயே அந்த மூச்சை மட்டும் வெட்டி எடுத்தறலாம். ஆருக்கும் தெரியாது."

அக்காவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. வெட்டு என்று சொல்லிவிடுவாள் என்றே நான் நினைத்தேன். நாளைக்கு அமாவாசை. வேறு ஆட்டம் கிடையாது. யுவஸ்ரீயின் பாட்டு தேன் மாதிரி இருக்கிறதாம்.

"வெட்டி அனுப்பலாம்" என்றாள். "தை மாசம் அவருகூட மேடையில நிக்கறப்ப ஆரு வந்து வெட்டுவாங்க?"

"நான் லீவு போட்டுட்டு வாரேன்" என்றார் மாமா.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் கைபேசியை எடுத்து, வெட்டாமல், கிழிக்காமல் அப்படியே மணிமாறனுக்கு அனுப்பினாள். அனுப்பிய மறு நிமிஷமே பயந்து, அதை அழிக்க முடியுமா என்று கேட்டாள். அழிப்பதற்குள் அவர் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

பதில் வருகிற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அம்மா எல்லோருக்கும் சேர்த்து உலை வைத்தாள். சோறு வெந்து இறக்குகிற நேரத்தில் அக்காவின் கைபேசி ஒலித்தது. அவள் போட மாட்டேன் என்றதால் அத்தை வாங்கிப் போட்டாள். மணிமாறனின் கட்டிய தொண்டை வாசலில் கேட்டது.

"இப்பத்தான் அம்முணி உன்ற கொரலைக் கேக்கறேன். நடுவுல ஆரோ போன்ல கத்தறாங்க, செட்டுச் சத்தம் ஏறுது, எறங்குது. நீ தாளத்தை உடல. ஆனா அந்தத் தினைப்புனத்துல மூச்சு வாங்கற."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கும் அதே எடத்துலதான் வாங்குது. இருவது வருசமாத் தாளத்தைத் தட்டி மறைச்சுட்டு வாரேன். அதுக்குத்தான் கூட ஒரு ஆளு வேணும்ங்கறேன். நான் மூச்சு வாங்கறப்ப நீ பாடு, நீ வாங்கறப்ப நான் பாடறேன். அந்த யுவஸ்ரீப் புள்ள பாட்டு நல்லாருக்குது, ஆனா அது ஒத்தையாப் பாடற கொரலு. அது தனியா ஒரு கும்மி நடத்தும் பாரு. தை மொத வாரம் நிகழ்ச்சி. வாரியா, என்னன்னு சொல்லு."

அக்கா கைபேசியை வாங்கி 'வாரனுங்க' என்று எழுதினாள். எழுதிவிட்டு அனுப்பாமல் எல்லோர் முகத்தையும் பார்த்தாள். மாமா நண்டு ரெக்கார்டரை உறையில் போட்டு மூடினார்.

"செட்டு ஆருதுன்னு கேளு சாமி!" என்றார் சித்தப்பா. "நம்ம செட்டுன்னா எல்லாத் திருகும் அளவா வெச்சுத் தாரேன்னு சொல்லு!"

"அதையெல்லாம் பொறவு கேக்கலாம்" என்றாள் அத்தை. "நீ மொதல்ல அனுப்பு. அந்த மனுசன் மூச்சு வாங்கி முடிக்கறதுக்குள்ள அனுப்பு."

அக்கா அனுப்பினாள்.